நாடோடிய விஞ்ஞானி சுவெற்

வளைகுடா நாடுகளில் பயிலும் எம் பிள்ளைகள் வடிதாளில் உலோக உப்புகளைப் பொட்டிட்டு, அசற்றோனும் அமிலமும் கலந்த கரைசலில் தாளின் ஓரத்தை நனைய விடுவர். இரும்பு முன்னே ஓடும், செம்பு பின்தொடரும், நிக்கல் இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராது. தொடக்கக் கோட்டைப் பென்சிலாலேயே இடவேண்டும். மையாயின் அதுவும் சேர்ந்து ஓடிவிடும்.

இந்நிறப்பிரிகைக்கு மூலவர் மிகயில் சுவெற். உருசியத் தந்தைக்கு 1872 இல் இத்தாலியில் பிறந்து, தாயை அப்போதே இழந்தவர். ஜெனீவாவில் 1896 இல் பெற்ற கலாநிதிப் பட்டத்தை உருசியா ஏற்கவில்லை. மீண்டும் மாணவராகி வேறு பட்டம் பெற நேர்ந்தது. அவ்வேதனையை எம்மில் பலர் நன்கறிவோம்.

வார்சோவில், சுண்ணத்தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் இலைச்சாற்றை ஊற்றினார். பச்சையும் மஞ்சளும் தனித்தனி வளையங்களாய்ப் பிரிந்து இறங்கின. அதனை 1903 இல் அறிவித்து, 1906 இல் பெயரும் சூட்டினார். அவரது குடும்பப் பெயருக்கும் உருசிய மொழியில் நிறம் என்றே பொருள்! வேதியியலார் பலர் நம்பவில்லை.

1915 இல் போர் அவரை வார்சோவிலிருந்து விரட்டியது. மொஸ்கோ, நிஸ்னி நொவ்கொரொட், யூரியெவ் என அலைந்து, 1919 இல் வரோனெசில் தம் 47 ஆவது வயதில் காலமானார்.

தாளில் பிரிக்கும் முறையை மார்ட்டினும் துணைவரும் இங்கிலாந்தில் 1944 இல் வெளியிட்டனர். மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் 1952 இல் நோபல் பரிசு கிட்டியது. வளைகுடாவின் எண்ணெய் ஆய்வுகூடங்களில் இயங்கும் வாயுப் பிரிகைக் கருவிகளும் சுவெற்றின் குழாய்வழி வந்தவையே.