வீழ்ந்தவரிடம் பாடம் கேட்டவர்

1896 ஆகஸ்டு மாதத்தில் ஜெர்மனியில் ஓட்டோ லிலியந்தால் என்னும் பொறியாளர், எஞ்சின் இல்லாத தம் கிளைடரோடு விழுந்து உயிர் நீத்தார். அச்செய்தி அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திவந்த வில்பர் ரைட்டை எட்டியது. வேறொருவராயின் பறக்கும் ஆசையையே கைவிட்டிருப்பார். வில்பரோ அவர் ஏன் விழுந்தார் என்று கேட்கத் தொடங்கினார்.

வில்பர் 1867-இல் இண்டியானா மாநிலத்தில் ஒரு பேராயரின் மகனாகப் பிறந்தவர். பதினெட்டு வயதில் பனிக்கட்டியின் மேல் ஆடிய ஆட்டத்தில் மட்டை முகத்தில் பட்டது. பற்களோடு யேல் பல்கலைக்கழகக் கனவும் போயிற்று. நோயுற்ற தாயைப் பேணியபடி வீட்டுப் புத்தகங்களையே படித்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, இந்தப் பக்கத்தை என்னால் எளிதில் புரட்ட முடியவில்லை.

லிலியந்தால் ஏறத்தாழ 2000 முறை பறந்தவர். ஆயினும் அவர் காற்றில் இருந்த நேரத்தைக் கூட்டினால் ஐந்தாண்டுகளில் ஐந்து மணி நேரமே வரும் என்று வில்பர் கணக்கிட்டார். சில விநாடிகளாகச் சேர்த்த ஐந்து மணி நேரப் பழக்கத்தோடு நெரிசலான தெருவில் சைக்கிள் ஓட்டினால் என்ன ஆகும்? கடைக்காரருக்குத் தெரியாதா! எனவே உயிருக்குக் கேடின்றி நெடுநேரம் பழகும் வழியைத் தேடினார். மென்மணலும் சீரான காற்றும் உள்ள கிட்டி ஹாக் கடற்கரையைத் தேர்ந்தார். 1900-இல் அவரும் தம்பி ஆர்விலும் செய்த கிளைடர் பெரும்பாலும் ஆளின்றி, கயிறு கட்டிய பட்டமாகவே பறந்தது. அடுத்த ஆண்டு, இறக்கையின் தூக்குவிசை அச்சிட்ட அட்டவணைப்படி வரவில்லை. உடனே காற்றுக் குழாய் ஒன்றைச் செய்து, ஏறத்தாழ 200 இறக்கை வடிவங்களைத் தாமே அளந்தார்கள். விடை வராவிட்டால் புத்தக அளவை எழுதிவிடும் நம் ஆய்வகப் பழக்கம் அவர்களிடம் இல்லை!

1903 டிசம்பர் 14 அன்று எஞ்சின் பூட்டிய விமானத்தில் வில்பர் ஏறினார். மூக்கை அளவுக்கு மேல் உயர்த்தியதால் மூன்றரை விநாடியில் விழுந்தார். 17-ஆம் தேதி உறைய வைக்கும் காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் வீசியது. ஆர்வில் 12 விநாடி பறந்தார். நான்காம் முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி கடந்தார். சோதித்தறியாத எஞ்சின் விமானத்தோடு அந்தக் காற்றில் இறங்கியிருக்கக் கூடாது என்பதே என் எண்ணம். பின்னாளில் ஆர்விலே அத்துணிச்சலை எண்ணி வியந்திருக்கிறார்.

1908 செப்டம்பர் 17 அன்று ஃபோர்ட் மையரில் ஆர்வில் ஓட்டிய விமானத்தின் உந்துவிசிறி பிளந்தது. உடன் சென்ற ராணுவ அதிகாரி செல்ஃப்ரிட்ஜ் இறந்தார், ஆர்வில் படுகாயமுற்றார். பிரான்சில் இருந்த வில்பர் செய்தி கேட்டதும் பறப்பதை நிறுத்தினார். 21-ஆம் தேதி ஏறி, ஒன்றரை மணி நேரம் பறந்தார். மறு ஆண்டு நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் மேல் பறக்க நேர்ந்தபோது விமானத்தின் அடியில் ஒரு சிறு படகைக் கட்டிக்கொண்டார். தண்ணீரில் விழுந்தால் மிதக்க வேண்டுமே! அந்நாளில் இரண்டாம் முறை புறப்படும் முன் தரையிலேயே எஞ்சின் சிலிண்டரின் தலை தெறித்தது. அத்தோடு அங்கே பறப்பதை முடித்துக்கொண்டார்.

ஒரே விமானத்தில் சகோதரர் இருவரும் ஏறக் கூடாது என்பது தந்தைக்குக் கொடுத்த வாக்கு. அவர் இசைவோடு 1910 மே 25 அன்று ஒரே ஒரு முறை சேர்ந்து பறந்தார்கள். 1912 மே 30 அன்று வில்பர் தம் வீட்டில் டைஃபாய்டு காய்ச்சலால் காலமானார். அப்போது அவருக்கு வயது 45.