ஐந்து மகளிரை அறிந்த அன்னை

சிறுமலர் புனித தெரேசாவை அறியாத கத்தோலிக்க இல்லம் நம் நாட்டில் அரிது எனலாம். கையில் பாடுபட்ட சுரூபமும் ரோஜா மலர்களும் ஏந்திய அவருடைய திருவுருவம் எத்தனையோ ஆலயங்களிலும் பள்ளிகளிலும் நம்மைப் பார்த்துப் புன்னகை பூக்கிறது. மலரை அறிந்த நாம், அது பூத்த செடியை அறிந்திருக்கிறோமா? தெரேசாவுக்கு ஐந்து வயது நிரம்புமுன்பே இவ்வுலகை விட்டுச் சென்ற ஒரு தாய், தம் ஐந்து பெண்மக்களின் உள்ளங்களையும் எவ்வளவு கூர்ந்து கவனித்து வளர்த்தார் என்பதை அறிந்தால் நமக்கு வியப்பு மேலிடும். அந்தத் தாயே புனித ஸெலி மார்ட்டின்.

1831ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள், பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில், காந்தலேன் என்னும் சிற்றூரில் ஸெலி பிறந்தார். தந்தை போர்வீரராக இருந்து பின்னர் காவல் பணியில் சேர்ந்தவர். தாய் பக்தி மிக்கவர். ஆனால் கண்டிப்பும் அவ்வளவுக்கு மிக்கவர். விளையாட ஒரு பொம்மைகூட இல்லாமல் ஸெலியின் இளமை கழிந்தது. அன்புக்கு ஏங்கிய அந்தச் சிறு உள்ளத்துக்கு அக்காளும் தம்பியுமே ஆறுதல். அக்காள் பிற்காலத்தில் லெமான் நகர விசிட்டேஷன் மடத்தில் துறவியானார். தம்பி லிசியே நகரில் மருந்துக்கடை நடத்தினார்.

ஸெலிக்கும் துறவியாகி நோயாளிகளுக்குத் தொண்டு செய்ய ஆசை இருந்தது. அவர் நாடிச் சென்ற மடத்தின் தலைவி அவரை ஏற்றுக்கொள்ளவில்லை. மனம் தளராத ஸெலி, அலான்சோன் நகருக்குப் பெயர் தேடித் தந்த லேஸ் பின்னும் கலையைக் கற்றுத் தேர்ந்தார். ஊசியும் மெல்லிய நூலும் கொண்டு கையாலேயே பின்னப்படும் இந்த லேஸில் ஒரு சதுர சென்டிமீட்டர் உருவாக ஏழு மணி நேரம் ஆகுமாம்! 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஸெலி இருபத்திரண்டு வயதிலேயே சொந்தமாக லேஸ் தொழில் தொடங்கினார். பல பெண்கள் தத்தம் வீடுகளில் சிறு சிறு துண்டுகளாகப் பின்னி, வியாழக்கிழமைதோறும் அவரிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். அத்துண்டுகளை, தையல் கண்ணுக்குத் தெரியாதபடி ஒன்றாக இணைப்பது ஸெலியின் வேலை. ஒவ்வொரு துண்டிலும் உள்ள குறையைக் கண்டு பொறுமையோடு சீர் செய்வதும் அவரே.

1858ஆம் ஆண்டு ஜூலை 13ஆம் நாள் நள்ளிரவில், அலான்சோன் நகரின் அன்னை மரியாள் ஆலயத்தில், கடிகாரத் தொழில் செய்துவந்த லூயி மார்ட்டினுக்கும் ஸெலிக்கும் திருமணம் நிகழ்ந்தது. 1860 முதல் 1873 வரை ஒன்பது குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் இரண்டு ஆண் குழந்தைகளும் ஒரு பெண் குழந்தையும் ஒரு வயதுகூடக் காணாமல் இறந்தனர். எலேன் என்னும் அழகிய சிறுமி ஐந்து வயதில் கண் மூடினாள். நான்கு சிறு பெட்டிகளைக் கல்லறைக்கு அனுப்பிய அத்தாயின் துயரத்தை நாம் எப்படி அளப்பது? எஞ்சியவர்கள் மரி, பவுலின், லெயோனி, செலின், தெரேசா ஆகிய ஐவர்.

அதிகாலைப் பூசை, வீட்டு வேலை, லேஸ் தொழில், பிள்ளைகளின் நோய் நொடிகள் என்று ஓயாத உழைப்பு அவருக்கு. அந்த ஓட்டத்துக்கிடையிலும் தம்பிக்கும், தம்பி மனைவிக்கும், லெமான் நகரில் பெரியம்மாவாகிய துறவியின் பொறுப்பில் தங்கிப் படித்த மூத்த மகள்களுக்கும் கடிதங்கள் எழுதினார். இன்று நமக்குக் கிடைத்திருப்பவை இருநூறுக்கும் மேல். அவற்றில் பெரும் பகுதி பிள்ளைகளைப் பற்றியதே. யாருக்குப் பல் முளைத்தது, யார் அடம் பிடித்தது, யார் யாருக்கு விட்டுக் கொடுத்தது என்பதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்.

ஐந்து விரல்களும் ஒன்றாகவா இருக்கின்றன? மார்ட்டின் இல்லத்திலும் அப்படித்தான். மூத்தவள் மரி யாருக்கும் எளிதில் வளையாதவள், மனத்தில் பட்டதை ஒளிக்காமல் சொல்பவள், சுதந்திரத்தை விரும்புபவள். உள்ளே அன்பு ததும்பினாலும் வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். பவுலினோ சுறுசுறுப்பும் கூர்மதியும் மிக்கவள். தாய் தம் உள்ளத்துக் கவலைகளை ஒரு தோழியிடம் சொல்வதைப் போல் அவளிடம் சொல்லிவிடுவார். தந்தை லூயியும் மக்களின் இயல்பறிந்து செல்லப் பெயர்கள் வைத்தார். மரி அவருக்கு வைரம், பவுலின் நல்முத்து, செலின் அஞ்சா நெஞ்சத்தவள், தெரேசா சின்ன அரசி, லெயோனி நல்லவள். மற்றவர்களுக்கு மணியும் பட்டமும் கிடைக்க, லெயோனிக்கு மட்டும் இவ்வளவு எளிய பெயர் ஏன் என்பதைப் பிறகு காண்போம்.

கடைக்குட்டிகளான செலினையும் தெரேசாவையும் பற்றி அன்னை எழுதியவை படிக்கப் படிக்க இனிப்பவை. இருவருக்கும் இடையே நான்கு வயது வேற்றுமை இருந்தும் ஒருவரையொருவர் பிரியவே மாட்டார்கள். சாப்பாட்டு மேசையை விட்டுச் செலின் எழுந்துவிட்டால், தெரேசா தனக்குப் பிடித்த இனிப்பைக்கூடப் பாதியில் விட்டுவிட்டுப் பின்னே ஓடுவாள். ஆனால் இயல்பில் இருவரும் வேறானவர்கள். செலின் மென்மையானவள்; நன்மை அவளுக்கு இயற்கையாகவே வந்தது. தெரேசா அக்காளைவிட அறிவில் கூர்மையானவள், மென்மையிலோ குறைந்தவள், பிடிவாதத்தில் அவளை வெல்ல முடியாது. மாட்டேன் என்று சொல்லிவிட்டால் மாட்டேன்தான். நினைத்தது நடக்காவிட்டால் தரையில் விழுந்து புரண்டு அழுவாள்.

உலகம் போற்றும் புனிதையா இப்படி என்று நாம் திகைக்க வேண்டாம். தாய் பிடிவாதத்தை மட்டும் பார்க்கவில்லை. இரண்டு வயதுகூட நிரம்பாத தெரேசா மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று அம்மாவைக் கூப்பிடுவாள். பதில் குரல் வந்தால்தான் அடுத்த படி. ஒரு முறை பதில் தவறினாலும் ஏறவும் மாட்டாள், இறங்கவும் மாட்டாள். மற்றொரு நாள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கொஞ்சம் கிழித்துவிட்டாள். மாலையில் தந்தை வீடு திரும்பியதும் அதை உடனே அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று துடித்தாள். குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டால் மன்னிப்பு எளிதில் கிடைக்கும் என்று அச்சிறு உள்ளம் நம்பியது. ஒவ்வொரு படிக்கும் தாயின் குரலைத் தேடிய குழந்தைதான், பின்னாளில் இறைவனின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும் சிறு வழியை உலகுக்குக் காட்டினார் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நெகிழ்கிறதன்றோ?

1875இல் படிப்பை முடித்துத் திரும்பிய மரி, தங்கை செலினுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வயதுச் சிறுமி தெரேசா தானும் அங்கே இருந்தே தீருவேன் என்றாள். தொந்தரவு செய்யக் கூடாது என்பது நிபந்தனை. எனவே ஓர் ஓரத்தில் அமர்ந்து தைப்பதும் மணி கோப்பதுமாக இருப்பாள். ஊசியிலிருந்து நூல் கழன்றுவிட்டால் கோக்கத் தெரியாது. மரியைக் கூப்பிடவும் துணிவு வராது. சத்தமில்லாமல் இரண்டு பெரிய கண்ணீர்த் துளிகள் கன்னத்தில் உருளும். மரி அதைக் கண்டு நூலைக் கோத்துக் கொடுத்ததும் அழுகையினூடே சிரிப்பு மலரும். பிள்ளைகளின் இத்தகைய சிறு நிகழ்ச்சிகளை அன்னையின் கண் தவற விடுவதில்லை.

அவ்வளவு கூர்மையான அந்தக் கண்ணுக்கும் எட்டாத ஒரு பிள்ளை இருந்தாள். அவள்தான் லெயோனி. 1863இல் பிறந்த நாள் முதல் நோயாளி. படிப்பு ஏறவில்லை. அக்காள்மார் படித்த விடுதிப் பள்ளியில் அவளைச் சேர்த்தும் பயனின்றி வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். சொன்ன சொல் கேட்க மாட்டாள். தாயின் அருகில் வந்து அமரவும் மாட்டாள். கண்டித்துப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார், மன்றாடியும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. அவளுக்கு நல்ல இதயம் இருக்கிறது என்பது மட்டும் தாய்க்குத் தெரிந்தது. அந்த இதயத்தின் கதவு ஏன் திறக்கவில்லை என்பதுதான் தெரியவில்லை. 1877இன் தொடக்கத்தில் அக்காளாகிய துறவி மரணப்படுக்கையில் கிடந்தபோது, விண்ணகம் சென்றதும் லெயோனிக்காக வேண்டிக்கொள்ளும்படி ஸெலி அவரைக் கேட்டுக்கொண்டார். பிப்ரவரி 24ஆம் நாள் அக்காள் இறைவனடி சேர்ந்தார்.

சில வாரங்களில் மர்மம் விலகியது. வீட்டில் பல ஆண்டுகளாக நம்பிக்கையோடு வேலை செய்துவந்த பணிப்பெண், யாருக்கும் தெரியாமல் லெயோனியை மிரட்டித் தன் சொல்லுக்கு மட்டுமே அடங்கும்படி செய்திருந்தாள். தாயிடம் நெருங்கினால் தண்டனை கிடைக்கும் என்ற அச்சத்தில் அச்சிறுமி வாயைத் திறக்கவேயில்லை. இதைக் கண்டுபிடித்தவள் மூத்தவள் மரி. தாயின் உள்ளம் எவ்வளவு பதைத்திருக்கும்! முரட்டுத்தனம் என்று எண்ணியதெல்லாம் பயம் அல்லவா?

அன்று முதல் லெயோனி தாயை விட்டு அகலவில்லை. அவர் பக்கத்திலேயே அமர்ந்து வேலை செய்தாள், ஓயாமல் முத்தமிட்டாள், சொன்னதையெல்லாம் மகிழ்ச்சியோடு செய்தாள். பதின்மூன்று ஆண்டுகள் பூட்டியிருந்த கதவு திறந்தது. ஆனால் காலம் கை கொடுக்கவில்லை. நெடுநாளாக இருந்த மார்புக் கட்டி புற்றுநோய் என்றும், இனி மருத்துவத்தால் பயனில்லை என்றும் 1876இன் இறுதியிலேயே தெரிந்துவிட்டது. சாவுக்கு அஞ்சாத ஸெலி, இந்த மகளுக்காகவாவது இன்னும் சில காலம் வாழ வேண்டும் என்று ஏங்கினார். 1877 ஜூன் மாதம் மரி, பவுலின், லெயோனி மூவரையும் அழைத்துக்கொண்டு லூர்து நகருக்குத் திருயாத்திரை சென்றார். உடல் நலம் கிடைக்கவில்லை. இறைவனின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தவராய் வீடு திரும்பினார். 1877 ஆகஸ்டு 28ஆம் நாள், நாற்பத்தைந்தாம் வயதில், அவர் உயிர் பிரிந்தது.

தாய் இறந்த பிறகு அவர் விதைத்தவை முளைத்தன. அடக்கம் முடிந்ததும் செலின் மரியையும், தெரேசா பவுலினையும் தத்தம் தாயாகத் தேர்ந்துகொண்டார்கள். குடும்பம் லிசியே நகருக்குக் குடிபெயர்ந்தது. நால்வர் ஒருவர் பின் ஒருவராய் அங்குள்ள கார்மேல் மடத்தில் சேர்ந்தனர். மடத்தின் தலைவியான பவுலின், தெரேசாவைத் தம் குழந்தைப் பருவ நினைவுகளை எழுதும்படி பணித்தார். அதற்குத் துணையாகத் தாயின் கடிதங்கள் தெரேசாவின் கைக்கு வந்தன. தமக்கே நினைவில்லாத பிடிவாதங்களையும் மாடிப்படி அழைப்புகளையும் தாயின் எழுத்திலிருந்தே அவர் அறிந்து தம் வரலாற்றில் சேர்த்தார். 1898இல் வெளிவந்த அந்நூல் உலகமெங்கும் பரவியது. ஓய்வில்லாத ஒரு தாய் எழுதி அனுப்பிய வீட்டுச் செய்திகள் இப்படித் திருச்சபையின் செல்வமாயின.

லெயோனி என்ன ஆனார்? அவர் மும்முறை மடங்களில் சேர்ந்தும் நிலைக்க முடியாமல் வீடு திரும்பினார். நான்காம் முறையாக, 1899இல், கான் நகரின் விசிட்டேஷன் மடத்தில் நுழைந்து, 1941இல் இறக்கும்வரை அங்கேயே தாழ்ச்சியோடு வாழ்ந்தார். அவரைப் புனிதராக அறிவிப்பதற்கான ஆய்வு 2015இல் தொடங்கப்பட்டது. தந்தை அவரை நல்லவள் என்று அழைத்தது வீண் போகவில்லை.

அதே 2015ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், லூயி, ஸெலி தம்பதியரைத் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதர்களாக உயர்த்தினார். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றது திருச்சபை வரலாற்றில் அதுவே முதல் முறை. அவர்கள் திருநாள் ஜூலை 12.

அன்புத் தோழியரே, நம் வீடுகளில் அக்காளைப் பார், தங்கையைப் பார் என்ற சொல்லை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! ஸெலி அம்மையார் மகள்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் இல்லை. ஆனால் ஒருத்தியின் அளவுகோலால் மற்றொருத்தியை வெட்டிக் குறைக்கவில்லை. லேஸ் துண்டுகளை இணைத்த அதே பொறுமையோடு ஒவ்வொருத்தியையும் அவளவள் இயல்பிலேயே அழகுபடுத்தினார். பெற்றோர்களே, நம் இல்லத்திலும் வகுப்பிலும் ஒரு லெயோனி இருக்கக்கூடும். மதிப்பெண் பட்டியலில் கடைசியாக நிற்கும் அந்தப் பிள்ளையின் மௌனத்துக்குள் எந்த அச்சம் ஒளிந்திருக்கிறதோ, யார் அறிவார்? அக்காள் மரியைப் போல் நாமும் கண் திறந்து பார்ப்போம். கண்டதைத் தாயிடம் தயங்காமல் சொல்வோம்.

புனித ஸெலி அம்மையே, எங்கள் இல்லங்களுக்காகவும் எங்கள் அன்னையருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.