ஜே. சி. டேனியல்

ஜோசப் செல்லையா டேனியல் (1900 – 1975) மலையாளத் திரைப்படத் துறையின் தந்தை என அழைக்கப்படுபவர். கேரளத்தின் முதல் திரைப்படமான விகதகுமாரன் என்னும் ஊமைப்படத்தைத் தயாரித்து இயக்கியவர். வாழ்ந்த காலத்தில் இவருக்கு உரிய மதிப்புக் கிட்டவில்லை.

வாழ்க்கைக் குறிப்பு

டேனியல் அன்றைய திருவிதாங்கூரின் தென்கோடியில் உள்ள அகத்தீசுவரத்தைச் சேர்ந்த நாடார் கிறித்தவக் குடும்பத்தினர். தற்காப்புக் கலைகளில் ஈடுபாடு கொண்டு, வாள்வீச்சு பற்றி ஆங்கிலத்தில் நூலொன்று எழுதினார். களரிப்பயிற்றை மக்களிடையே பரப்பத் திரைப்படமே ஏற்ற கருவி எனக் கருதிய இவர், சென்னைக்கும் மும்பைக்கும் சென்று படத்தொழிலை அறிந்துவந்தார். பின்னர்த் தம் நிலத்தை விற்றுத் திருவனந்தபுரத்தின் பட்டம் பகுதியில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். கேரளத்தின் முதல் படப்பிடிப்புக் கூடம் இதுவே.

விகதகுமாரன்

புராணக் கதைகளே பெரிதும் படமாக்கப்பட்ட அக்காலத்தில் டேனியல் சமூகக் கதையைத் தேர்ந்தெடுத்தார். திருவிதாங்கூரிலிருந்து இலங்கைக்குக் கடத்தப்பட்ட சிறுவன் ஒருவனைப் பற்றியது அக்கதை. எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு ஆகியவற்றுடன் முதன்மை வேடத்தையும் இவரே ஏற்றார். நாயகியாக பி. கே. ரோசி நடித்தார்.

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டது. வெளியான ஆண்டு 1928 என்று நெடுங்காலம் குறிக்கப்பட்டது. 1930 அக்டோபர் 23 என்பதே சரியான நாள் எனப் பின்னர்த் தெரியவந்தது. தலித் பெண்ணான ரோசி நாயர் குலப் பெண்ணாகத் திரையில் தோன்றியதைப் பொறாதவர்கள் கல்லெறிந்தனர், திரை சேதமடைந்தது. ரோசி ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அவர் மீண்டும் நடிக்கவில்லை.

பிற்காலம்

பெரும் இழப்புக்குள்ளான டேனியல் நிறுவனத்தை மூடினார். பின்னர்த் தமிழ்நாட்டின் தென்பகுதி ஊர்களில் பல் மருத்துவராகத் தொழில் செய்தார். நடிகர் பி. யு. சின்னப்பாவின் தூண்டுதலால் மீண்டும் படமெடுக்க முயன்று எஞ்சிய பொருளையும் இழந்தார் என்று கூறப்படுகிறது.

1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது அகத்தீசுவரம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நலிந்த கலைஞருக்கான உதவித்தொகையைக் கோரியபோது, இவர் கேரளத்தில் வசிப்பவர் அல்லர் என்னும் காரணத்தால் அது மறுக்கப்பட்டது. சேலத்து மாடர்ன் தியேட்டர்சு தயாரித்த பாலன் (1938) என்னும் பேசும்படத்திலிருந்தே மலையாளத் திரைப்பட வரலாறு பெரிதும் பேசப்பட்டுவந்தது. டேனியலைத் தேடிக் கண்டு அவர் பணியை எழுத்தில் பதிந்தவர் இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணன் ஆவார். டேனியல் 1975-இல் வறுமையில் அகத்தீசுவரத்தில் காலமானார்.

மறைவுக்குப் பின்

மலையாளத் திரைப்படத் துறைக்கு வாழ்நாள் பங்களிப்புச் செய்தோருக்காகக் கேரள அரசு 1992-இல் ஜே. சி. டேனியல் விருதை நிறுவியது. முதல் விருதைத் தயாரிப்பாளர் டி. இ. வாசுதேவன் பெற்றார். உயிரோடிருந்தபோது உதவித்தொகை மறுக்கப்பட்டவரின் பெயரிலேயே அம்மாநிலத்தின் மிக உயரிய திரைப்பட விருது வழங்கப்பட்டு வருகிறது. இவர் வாழ்வைத் தழுவி கமல் இயக்கிய செல்லுலாய்ட் திரைப்படம் 2013-இல் வெளிவந்தது. இதில் பிருத்விராஜ் டேனியலாக நடித்தார். 2019-இல் ரோசியின் பெயரிலும் ஒரு திரைப்படக் கழகம் தொடங்கப்பட்டது.

விகதகுமாரனின் படச்சுருள் எதுவும் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை.