கோகலே பெற்ற பதின்மூன்று வாக்குகள்

ஒருவருடைய பெருமையை அவர் பெற்ற வெற்றிகளைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். கோபால கிருஷ்ண கோகலேயை அவ்வாறு அளந்தால் கணக்குத் தவறிவிடும்.

1866இல் ரத்னகிரி ஜில்லாவில் கோட்லுக் என்னும் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். தமையனார் தம் படிப்பை விட்டு வேலைக்குப் போய், சொற்பச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தம்பியைப் படிக்க வைத்தார். 1884இல் பி.ஏ. பட்டம் பெற்ற தம்பி, பின்னர் பூனா பெர்குஸன் கல்லூரியில் கணிதம் கற்பித்தார். எண்கணிதப் பாடநூலும் எழுதினார்.

அந்தக் கணிதமே பிற்காலத்தில் அவருக்கு ஆயுதமாயிற்று. பம்பாய்ச் சட்டசபையிலிருந்து கல்கத்தாவில் கூடிய வைசிராயின் சட்டசபைக்குச் சென்றவர், 1902இல் முதன்முறையாக அங்கு வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். அந்நாளில் அங்கத்தினர் அதைப் பற்றிப் பேசலாம், வாக்களிக்க இயலாது. சர்க்கார் கோடிக்கணக்கில் உபரி காட்டிப் பெருமைப்பட்டது. அது நாட்டின் செழிப்பு அன்று, ஏழைகளிடம் அளவுக்கு மீறி வாங்கிய வரியே என்று, சர்க்காரின் புள்ளி விவரங்களைக் கொண்டே வாதித்தார். அவர் விடாது கண்டித்துவந்த உப்பு வரி, மணங்குக்கு இரண்டரை ரூபாயிலிருந்து 1907க்குள் ஒரு ரூபாயாகக் குறைந்தது.

1905இல் காங்கிரஸின் தலைமை அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அவருக்குப் பின் அதன் தலைமையை ஏற்றவர் நம் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார்.

அரசியல் சீர்திருத்தம் வேண்டி லண்டன் சென்று, இந்தியா மந்திரி மார்லியிடம் வாதாடினார். 1909இல் மிண்டோ-மார்லி சட்டம் வந்தது. ஆனால் மத்திய சட்டசபையில் உத்தியோகஸ்தர்களின் பெரும்பான்மை நீடித்தது. முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதியும் புகுந்தது. இதற்குத்தானா இத்தனை பாடு என்று தீவிரவாதிகள் ஏளனம் செய்தனர். கோகலேயோ கிடைத்ததை வைத்து வேலையைத் தொடங்கினார். தீர்மானம் கொண்டுவரும் புதிய உரிமையைக் கொண்டு, 1910இல் ஆரம்பக் கல்வியைப் பற்றித் தீர்மானம் கொணர்ந்தார். 1911இல் மசோதாவே கொணர்ந்தார். 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களுக்குக் கட்டாயக் கல்வி தர, ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் வழங்குவதே அதன் நோக்கம்.

1912இல் 38 பேர் எதிர்த்தனர்; 13 பேர் ஆதரித்தனர். மசோதா வீழ்ந்தது. அது வீழும் என்பதை அவர் முன்பே அறிவார். 1915இல், 48ஆம் வயதில், கோகலே மறைந்தார்.

6 முதல் 14 வயதுவரை கல்வியைக் குழந்தையின் உரிமையாக்கும் சட்டம் 2009இல்தான் நிறைவேறியது. அண்ணனின் மிச்சக் காசில் படித்தவர், நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் அன்றே கேட்டது அதுதான். அந்தப் பதின்மூன்று வாக்குகளைத் தோல்வி என்று எழுத மனம் வருமா, நண்பர்களே?