கொழும்புத்துறைக் கொட்டில்

யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்கிழக்கே, கடனீரேரிக் கரையில் உள்ளது கொழும்புத்துறை. அவ்வூருக்கு இலங்கை முழுவதும் பெயர் தேடித் தந்தவை வீதியோரத்து இலுப்பை மரமொன்றும் அதற்கணித்தாயிருந்த ஓலைக் கொட்டிலுமே. அக்கொட்டிலில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்தவர் யோகர் சுவாமிகள். அவரைப் பற்றி அற்புதக் கதைகள் பல வழங்குகின்றன; அவற்றை நான் இங்கு எடுக்கவில்லை. பணமும் பதவியும் சாதியும் வேலி கட்டி ஆண்ட சமூகமொன்றின் நடுவே, வேலியில்லாத சிற்றிடம் ஒன்று இருந்தது. அதுவே என்னை நெடுநாளாக அலைக்கழிக்கும் செய்தி.

சுவாமிகள் 1872ஆம் ஆண்டு மாவிட்டபுரத்திற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்து, உறவினர் ஆதரவில் வளர்ந்து, சம்பத்திரிசியார் கல்லூரியிற் பயின்றார். பின்பு கிளிநொச்சியில் நீர்ப்பாசன வேலைத்தலத்திற் களஞ்சியப் பொறுப்பாளரானார். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டுமென்று கருதிய யாழ்ப்பாணத்தில் அது சிறிய பேறன்று. ஆங்கிலக் கல்வி, அரசாங்க உத்தியோகம், அதனால் வரும் சீதனம், அதனால் வரும் நிலபுலம் என்று மேலே செல்லும் ஏணியின் முதற்படியில் அவர் கால் வைத்தாயிற்று.

அந்த ஏணியிலிருந்து அவரை இறக்கியவர் செல்லப்பா சுவாமிகள். நல்லூர்த் தேரடியிலே கந்தைத் துணியோடு கிடந்த அவரை ஊரார் பைத்தியக்காரரென்றே சொன்னார்கள். பொருளும் மதிப்பும் உடையோர் ஒதுங்கி நடந்த அந்த மனிதரிடம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, உத்தியோகத்திலிருந்த ஓர் இளைஞர் அடைக்கலம் புகுந்தது அக்காலத்தில் எத்துணை நகைப்பை விளைத்திருக்கும்! உத்தியோகம் போயிற்று. சில காலத்தின்பின் இலுப்பை மரத்தடியில் வெயிலிலும் மழையிலும் அவர் இருக்கக் கண்டவர்கள் அயலிலே ஒரு கொட்டிலைக் கொடுத்தார்கள்.

கொட்டிலுக்கு வந்தவர்களோ பலதிறத்தினர். நீதிபதிகள், பிரக்கராசிமார், வைத்தியர்கள், கச்சேரி உத்தியோகத்தர்கள், வாத்தியார்கள், தோட்டக்காரர் எல்லாரும் வந்தனர். மோட்டார் வண்டி வீதியோடு நின்றுவிடும். உள்ளே எவர்க்கும் தரையும் பாயுந்தான். பதவியுடையவர் என்பதற்காக வரவேற்பு உறுதியென்பதில்லை. ஏச்சு வாங்கிக்கொண்டு திரும்பிய பெரிய மனிதரும் உண்டு. 1949 முதல் 1954 வரை மகாதேசாதிபதியாயிருந்த சோல்பரிப் பிரபுவின் மூத்த மகன் சந்தசுவாமி என்ற பெயரோடு அவரிடம் சீடராயிருந்தார். பிரித்தானியப் பிரபுப் பட்டத்துக்கு உரியவரும் அமர்ந்தது அதே தரையில்தான்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. சுவாமிகள் சீர்திருத்தச் சங்கம் எதுவும் நிறுவினாரல்லர். கோயிற் பிரவேசப் போராட்டம் எதனையும் நடத்தினாரல்லர். 1935இல் வெளிவரத் தொடங்கிய சிவதொண்டன் ஏடும், 1953இல் யாழ்ப்பாணத்தில் அமைந்த சிவதொண்டன் நிலையமும் அகத்தைத் திருத்தவே வழி காட்டின. இதனைக் குறையென்பார் உளர். அகம் திருந்தியதாகச் சொல்லிக்கொண்டு அங்கிருந்து திரும்பியவர்களையே நான் முதலிற் கேள்வி கேட்பேன். சிவன்முன் யாவரும் ஒன்றே என்று ஓதியவர்களின் ஊரில் கிணறுகளும் கோயில்களும் தேநீர்க் கடைகளும் ஒரு பகுதியினர்க்கு மூடிக்கிடந்தன. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் பல கதவுகள் திறந்தபாடில்லை. சுவாமிகள் 1964 மார்ச்சில் மறைந்தார். நான்கே ஆண்டுகளில், 1968இல், அவர் பிறந்த அதே மாவிட்டபுரத்தில், கந்தசுவாமி கோயில் வாயிலிலே ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே செல்ல உரிமை கேட்டு அமர்ந்தனர். அவர்களைத் தடுத்து நின்றவர்களுக்குத் தலைவராயிருந்தவர் கணிதப் பேராசிரியராகவும் அமைச்சராகவும் இருந்த செ. சுந்தரலிங்கம். கல்வியும் செல்வமும் வாயிலை அடைத்து நின்ற காட்சி அது.

இதனை நான் பிறர் குற்றமாகச் சொல்லவில்லை. எங்கள் வீடும் கொழும்புத்துறையிலேயே இருந்தது. 1962ஆம் ஆண்டளவில், ஏழு வயதுச் சிறுவனாக, பாட்டனாரின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கொட்டிலுக்குப் போயிருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து சுவாமிகள் தளர்ந்திருந்த காலம். பாட்டனார் தலைமை ஆசிரியராயிருந்து இளைப்பாறியவர். அன்று அவருக்கு அருகே, அதே பாயில், எங்கள் வளவுப் பனைகளில் ஏறும் தொழிலாளி அமர்ந்திருந்தார். பாட்டனார் விலகி இருக்கவில்லை. கர்ப்பூர ஒளியில் இருவரும் ஒருசேரக் கண்மூடியிருந்ததை இன்றும் காண்கிறேன்.

மறுநாட் காலை அவர் எங்கள் படலையடியில் வந்து தண்ணீர் கேட்டார். கதியாலிற் செருகியிருந்த சிரட்டையை அவரே எடுத்து நீட்ட, பாட்டி உயரத் தூக்கி வார்த்தார். திண்ணையிலே மூக்குப்பேணியில் கோப்பி அருந்திக்கொண்டிருந்த பாட்டனாரை நான் பார்த்தேன். நேற்று ஒரே பாயில் இருந்தீர்களே என்று கேட்டும்விட்டேன். அவர் விடை சொல்லவில்லை. பேணியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சில ஆண்டுகளின்பின் அந்த வேலியை அகற்றி மதில் கட்டினோம். சிரட்டை போயிற்று. அதன் இடத்தில் மதிலோரமாக ஒரு நெளிந்த தகரப் பேணி வந்து சேர்ந்தது.