கொள்கை மறவர் இராசாசி

தம் உள்ளம் மெய்யெனக் கண்டதனைப் பிறர் போற்றினும் தூற்றினும் அஞ்சாது எடுத்துரைப்போர் உலகில் மிகச் சிலரே. அத்தகையோருள் ஒருவர் மூதறிஞர் இராசாசி எனப்படும் சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார்.

இவர் 1878ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10ஆம் நாள், ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில் பிறந்தார். சட்டம் பயின்று, சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராய் விளங்கினார். பின்னர்க் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, வளம் தந்த அத்தொழிலைத் துறந்தார், சிறை புகுந்தார். 1930இல் திருச்சிராப்பள்ளியினின்று வேதாரணியம் வரை தொண்டர்களுடன் நடந்து சென்று உப்பெடுத்தார். 1948இல் இந்தியாவின் தலைமை ஆளுநர் ஆனார். அப்பதவியில் அமர்ந்த இந்தியர் இவர் ஒருவரே.

1952இல் இவர் சென்னை மாநில முதலமைச்சராய்ப் பொறுப்பேற்றபோது, போர்க்காலத்தில் தோன்றிய உணவுக் கட்டுப்பாடு நீங்காதிருந்தது. அதனை நீக்கினால் வணிகர் நெல்லைப் பதுக்குவர், விலை ஏறும், ஏழையர் பசியால் வாடுவர் எனப் பலர் அஞ்சினர். உழவரும் வணிகரும் தடையின்றித் தொழில் செய்யின் நெல் தானே சந்தைக்கு வரும் என இராசாசி கருதினார். அவ்வாண்டு சூன் திங்களிலேயே கட்டுப்பாட்டை நீக்கினார். அஞ்சியவாறு பஞ்சம் நேரவில்லை.

எனினும், இவர் செய்தன யாவற்றையும் மக்கள் ஏற்றுக்கொண்டாரல்லர். சிறுவர் நாளில் ஒரு பகுதியைப் பள்ளியிலும், எஞ்சிய பொழுதைப் பெற்றோர் தொழிலிலும் கழிக்குமாறு 1953இல் ஒரு கல்வித் திட்டம் வகுத்தார். அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்று கடும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராசாசி பதவி விலகினார்.

1959ஆம் ஆண்டு சனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாடு, கூட்டுறவுப் பண்ணை முறையை மேற்கொள்ளத் தீர்மானித்தது. வறியோர் உயர வேண்டுமாயின் அரசே திட்டமிட்டு வழிநடத்தல் வேண்டும் என்பது நேருவின் நம்பிக்கை. அவ்வழியில் உழவன் நில உரிமையை இழப்பான் என்பது இராசாசியின் அச்சம். இருவரும் விடுதலைப் போரில் நெடுங்காலம் உடன் நின்றவர். நட்பைப் பேணி வாளாவிருப்பதா, எதிர்த்து நிற்பதா என்ற வினா எழுந்தபோது, எண்பது அகவை கடந்த இராசாசி எதிர்த்து நிற்கவே துணிந்தார். அவ்வாண்டிலேயே சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார். என். ஜி. ரங்கா அதன் தலைவராகவும், மினூ மசானி பொதுச் செயலாளராகவும் அமைந்தனர்.

தொழில் செய்ய விழைவோர் அரசு அலுவலக வாயிலில் காத்துக் கிடக்கும் நிலையைப் பர்மிட், லைசென்சு, கோட்டா ஆட்சி எனப் பெயரிட்டு இராசாசி கண்டித்தார். வாணிகத்தில் அரசு மிகுதியும் தலையிடலாகாது என்ற அவரே, குடியைத் தடுப்பது அரசின் கடமை என்று இறுதிவரை வற்புறுத்தினார். 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவரும் அவரே. பொருளீட்டுவதில் உரிமையும், ஒழுக்கத்தில் மரபு வழுவாமையும் அவர் கொள்கையின் இரு கண்களாம்.

சுதந்திராக் கட்சி மன்னர்க்கும் செல்வர்க்கும் உரியது என எதிர்ப்போர் குறை கூறினர். ஆயினும் 1967ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்களவையில் 44 இடங்களைப் பெற்று, எதிர்க்கட்சிகளுள் பெரியதாக அது விளங்கியது. 1971இலோ 8 இடங்களே பெற்றது. 1972ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இராசாசி மறைந்தார். 1974இல் கட்சியும் வேறொரு கட்சியுடன் இணைந்து மறைந்தது. எனினும், 1991இல் இந்திய அரசு பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்சு முறையை நீக்கியபோது, அவர் பல்லாண்டு முன் கூறியவற்றை அறிஞர் பலர் நினைவுகூர்ந்தனர்.

1964இல் நேரு மறைந்தபோது, அவர்தம் கொள்கையை இடையறாது எதிர்த்துவந்த இராசாசி, பெரும் நண்பரை இழந்தோமென உளம் நொந்து எழுதினார். கருத்தை எதிர்க்கலாம், கருத்துடையாரை வெறுத்தலாகாது. மாணவர்கள் இராசாசியின் வாழ்விலிருந்து கற்க வேண்டிய பாடம் இதுவே.