பழுதின் இடங்கண்ட பேரறிஞர்

அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் 1824-ஆம் ஆண்டு பிறந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் போற்றப்பெற்றார். இருபத்திரண்டாம் வயதிலேயே கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய் அமர்ந்தார் எனின், அவர்தம் கல்வித்திறம் கூறவும் வேண்டுமோ!

1858-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து நியூபவுண்டுலாந்து வரை அட்லாண்டிக் மாகடலின் அடியில் தந்தி வடம் இடப்பட்டது. அதன் வழியே மின்னோட்டம் மிக நலிந்தே வந்தது. அதனை உணர்தற்குத் தாம்சன் சிறு கண்ணாடியொன்றின் பின்புறம் காந்தங்களை ஒட்டிக் கருவி அமைத்திருந்தார். மின்னோட்டம் வருங்கால் கண்ணாடி அசையும். அதிற்பட்டு மீளும் ஒளிப்புள்ளி அளவுகோலின்மேல் நகரும். ஆயினும், வடத்தின் மின்பணிக்குப் பொறுப்பேற்றிருந்த ஒயிட்ஹவுஸ் என்பார், சுமார் 2,000 வோல்ட் மின்னழுத்தத்தை அதனுட் செலுத்தினார். முன்னரே குறையுற்றிருந்த வடம் சில வாரங்களில் அடியோடு செயலிழந்தது. நோயின்னதென்று நாடாது மருந்து புகட்டுவார் செயல் இஃதன்றோ!

1865-ஆம் ஆண்டில் புதிய வடத்தைச் சுமந்து ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பல் புறப்பட்டபோது தாம்சனும் உடன் சென்றார். வடம் கடலுள் இறங்க இறங்க, அதனை இடையறாது மின்னாற் சோதித்து வந்தனர். ஒளிப்புள்ளி நிலைதவறின், எங்கோ பழுது நேர்ந்தது என்பது பொருள். மின்தடையை அளந்து, பழுதுள்ள தொலைவை மதிப்பிட்டு, வடத்தை மீள இழுத்து நோக்கினர். சிறு கம்பித்துண்டு ஒன்று காப்புறையைத் துளைத்து, உள்ளிருந்த செம்புக் கம்பிவரை பாய்ந்திருந்தது! அப்பகுதியை வெட்டி நீக்கி, முனைகளை இணைத்து மேற்சென்றனர். பின்னர் அவ்வடம் அறுந்து ஆழ்கடலில் மறைந்தது.

1866-இல் மற்றொரு வடத்தை இட்டு முடித்தனர். அத்துடன், முன்னாண்டில் அறுந்து வீழ்ந்த முனையையும் கடலடியினின்று கொக்கியால் தூக்கியெடுத்துச் சோதித்தனர். அயர்லாந்துக் கரையிலிருந்து மறுகுறி வந்தது.